திரையில் வந்தது இதுதான்

சிறை
12-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லிங்கேஷ் எழுதுவது. நான் இங்கே உடம்புக்குக் குறையொன்றுமில்லாமல் இருக்கிறேன். நீ, அம்மா, அனு மூவரும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? அனு இப்போது நான்காம் வகுப்பா, ஐந்தாம் வகுப்பா?

வாரம் ஒருமுறை ஃபோனில் அம்மாவோடு பேசுகிறேன். நீ பக்கத்தில் இருந்தாலும் ஃபோனை வாங்குவதில்லை என்று அம்மா சொன்னாள். கடையில் ஜெராக்ஸுக்குக் கூட்டம் நிற்கும், உனக்கு நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு உதவி வேண்டும். எம்.சி.ஏ.வில் எனக்கு ஒரே ஒரு தாள் பாக்கி, மேம்பட்ட ஜாவா. அஞ்சல் வழியில் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டதால் இந்த ஜூன் மாதத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் தேறிய தாள்கள் எதுவும் செல்லாது. அடுத்த பிப்ரவரியில் எனக்கு விடுதலை. புளியங்குடியில் சின்னதாக சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கும் என் கூட்டாளி தங்கப்பழம் போன மாதம் மனு போட்டுப் பார்க்க வந்தான். "ஏலே, பட்டத்தோட வா. மறுநாளே ஒனக்குச் சீட்டு போடுதேன். பட்டம் இல்லாம உள்ள இருந்து வந்தவன எடுத்தா என் பார்ட்னர் ஒத்துக்கிட மாட்டான்" என்றான். எனக்கு வேறு வாசல் கிடையாது, அக்கா.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. நூலகத்தில் அட்டை கிழிந்த ஜாவா புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து நிரல்களைத் தாளில் எழுதுகிறேன். எழுதியது ஓடுமா, ஓடினால் திரையில் என்ன வரும் என்று தெரியாமல் படிப்பது தரையில் படுத்து நீச்சல் பழகுகிற மாதிரி இருக்கிறது. நீ கடையில் ஓய்வாக இருக்கும்போது நான் எழுதியதை அப்படியே டைப் செய்து ஓட்டு. திரையில் வருவதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. நீ ஒன்றும் புரிந்துகொள்ள வேண்டாம், மூளைக்கு வேலையே இல்லை. புள்ளி, கமா மாறாமல் இருந்தால் போதும்.

முதல் நிரலை இணைத்திருக்கிறேன். பழம் என்று ஒரு கிளாஸ், அதற்குக் கீழே எலுமிச்சை என்று இன்னொரு கிளாஸ். பழத்திடம் உள்ளதெல்லாம் எலுமிச்சைக்கும் வந்துவிடும். எலுமிச்சை தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும். பழம் என்று பெயர் எழுதிய பெட்டியில் எலுமிச்சையைப் போட்டு "சுவை என்ன?" என்று கேட்டால் புளிப்பு என்று வர வேண்டும். வருகிறதா பார்.

உன் தம்பி,
லிங்கேஷ்


சங்கரன்கோவில்
27-1-2025

தம்பி லிங்கேஷுக்கு,

கனகலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. அனு நான்காம் வகுப்பு.

நிரல் ஓடியது. திரையில் வந்தது ஒரே வரி: புளிப்பு. ஆறாவது வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டிருந்தாய், நானே போட்டுக்கொண்டேன். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்பது உனக்கு மறந்துவிட்டது போல. அப்போது நீ எட்டாம் வகுப்பு. என் ஜாவா ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடுத்தவனே நீதான்.

பதினெட்டாம் தேதி அனுவின் அப்பா படத்துக்கு மாலை போட்டோம். அவர் போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. நான் கொஞ்சம் அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, அவன் குடிச்சிட்டு கார் ஓட்டுனது தப்புதான். அதுக்குத்தான உள்ள கெடக்கான்? போனவரு திரும்பி வரவா போறாரு? இருக்கவனப் பாப்போம்" என்றாள். அம்மாவின் வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வரி விடவில்லை.

அடுத்த நிரலை அனுப்பு. வேறு எழுத வேண்டியது இருந்தாலும் எழுது.

கனகலட்சுமி


சிறை
16-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து எல்லாம் அறிந்தேன். நான் நலம். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

புளிப்பு என்ற ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு தித்தித்தது தெரியுமா! பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரிடமும் காட்டினேன். நான் எழுதியது எங்கேயோ ஒரு இடத்தில் ஓடியிருக்கிறது என்பதே பெரிய தெம்பு.

இப்போது கொஞ்சம் கடினமான பாடத்துக்கு வந்திருக்கிறேன். நிரல் ஓடும்போது எதிர்பாராதது நடந்தால் அதற்கு எக்ஸப்ஷன் என்று பெயர். நாமே புதிதாக ஒன்றை உருவாக்கிப் பெயரும் வைக்கலாம். நான் வைத்த பெயர் விபத்து. கார் என்று ஒரு கிளாஸ். வேகம் எண்பதைத் தாண்டினால் கார் விபத்தைத் தூக்கி எறியும். கேட்ச் என்ற பகுதி அதைப் பிடித்து, விபத்து என்று திரையில் எழுதிவிட்டு, ரிட்டர்ன் சொல்லி வெளியேறும். கடைசியில் ஃபைனலி என்று ஒரு பகுதி உண்டு. என்ன நடந்தாலும், நடுவில் ரிட்டர்ன் சொல்லி வெளியேறினாலும், ஃபைனலியில் உள்ளது நடந்தே தீரும். அதற்குள் "108-க்குச் சொல்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் மூன்று வரி வர வேண்டும்: வண்டி கிளம்பியது, விபத்து, 108-க்குச் சொல்.

நல்ல பொருத்தமான உதாரணம், இல்லையா? புத்தகத்தில் ஏதோ வங்கி உதாரணம் போட்டிருக்கிறார்கள், சப்பென்று இருக்கிறது. தேர்வில் இந்தப் பாடத்திலிருந்து பதினாறு மதிப்பெண் கேள்வி கட்டாயம் வரும். கவனமாக ஓட்டிப் பார்.

உன் தம்பி,
லிங்கேஷ்


சங்கரன்கோவில்
15-3-2025

லிங்கேஷுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் தாள் ஒரு மாதமாக மேஜை டிராயரில் இருந்தது.

நேற்றுத்தான் டைப் செய்தேன். திரையில் வந்தது இது:

வண்டி கிளம்பியது
விபத்து

இரண்டே வரிதான். 108 வரி வரவில்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

கனகலட்சுமி


சிறை
21-3-2025

அக்கா,

நான் நலம். அம்மாவையும் அனுவையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் முந்தாநாள் கைக்கு வந்தது. மூன்றாவது வரி வராமல் இருக்காது. எப்படி வராமல் போகும்? நீ அந்த வரியை டைப் செய்ய விட்டுவிட்டாயா? அல்லது வேண்டுமென்றே எடுத்துவிட்டாயா? யாராவது கடைப்பக்கம் வந்து உன்னிடம் எதையாவது சொன்னார்களா? புளியங்குடி ரோட்டுப் பக்கத்து ஆட்கள் யாராவது?

எதுவானாலும் மறைக்காமல் எழுது. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வரி எழுதினாலும் போதும், உடனே போடு.

லிங்கேஷ்


சங்கரன்கோவில்
30-3-2025

அன்புத் தம்பி லிங்கேஷுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் நல்ல சுகம். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். வயிற்றைக் காயப்போடாதே, தேர்வுக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

ஜாவா நிரலைப் பற்றி புளியங்குடி ரோட்டுக்காரர்கள் என்னிடம் வந்து சொல்ல என்ன இருக்கிறது? நீ எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் டைப் செய்தேன், வந்ததை எழுதினேன். நான் ஒன்று யோசித்தேன். நம் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது புது வெர்ஷன், இருபத்தொன்று. உன் புத்தகம் அட்டை கிழிந்த பழசு. பழைய ஜாவாவில் ஃபைனலி நடந்தே தீரும் என்று இருந்திருக்கலாம். இப்போது ரிட்டர்ன் சொல்லி வெளியேறினால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது போல. பரீட்சைக்குப் புதுப் பாடத்திட்டம் என்றால் புதியதைத்தானே கேட்பார்கள்?

புத்தகத்தில் எது எது மாறியிருக்கிறது என்று நாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். சந்தேகம் உள்ளதையெல்லாம் மொத்தமாக அனுப்பு. நன்றாகப் படி.

உன் அக்கா,
கனகலட்சுமி


சிறை
20-4-2025

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெர்ஷன் மாறியது எனக்குத் தோன்றவே இல்லை பார்! நீ சொன்னதுதான் சரி. அன்று இரண்டு பங்கு சோறு சாப்பிட்டேன். முந்தின கடிதத்தில் என்னென்னவோ கேட்டிருந்தேன், அதை மறந்துவிடு. உள்ளே இருப்பவனுக்குப் புத்தி கண்டபடி ஓடும்.

உன்னை நான் கொஞ்சம் மட்டமாக நினைத்துவிட்டேன். மூளைக்கு வேலையில்லை என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். எனக்கு இப்போது ஆசிரியர், கம்ப்யூட்டர் எல்லாம் நீதான்.

ஆறு நிரல் அனுப்புகிறேன். இரண்டில் எனக்குப் பெரிய சந்தேகம். ஒன்று, பிள்ளை கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்கும்போது முதலில் அப்பா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும், அப்புறம்தான் பிள்ளையுடையது என்கிறது புத்தகம். இன்னொன்று, ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு ஸ்ட்ரிங்குகளைத் தனித்தனியாகப் புதிதாக உருவாக்கி இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஃபால்ஸ் என்று வரும் என்கிறது. இப்போதும் அப்படித்தானா? நீ எழுதி அனுப்புவதைப் புத்தகத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொள்கிறேன். பழைய வரிகளை அடித்துவிடுகிறேன். இங்கே எல்லோரும் இதை அக்கா பதிப்பு என்கிறார்கள்.

அனுவுக்கு மாமாவின் முத்தம்.

உன் தம்பி,
லிங்கேஷ்


சங்கரன்கோவில்
11-5-2025

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. கடையில் ஃபேன் காற்றே அனலாக இருக்கிறது. உனக்கு அங்கே எப்படியோ, தண்ணீர் நிறையக் குடி.

ஆறையும் ஓட்டினேன். விடைகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நீ சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. முதலில் பிள்ளை கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடுகிறது, அப்பாவுடையது பிறகு. ஸ்ட்ரிங் ஒப்பிட்டதற்கு ட்ரூ வந்தது. மற்ற நான்கில் இரண்டு புத்தகப்படி, இரண்டு மாறியிருக்கிறது.

அனு கடைக்கு வந்திருந்தாள். நான் டைப் செய்வதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்று கேட்டாள். மாமாவுக்கு என்றேன். "மாமா பாஸாயிருவாங்களா?" என்றாள். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

தேர்வு அறையில் தயங்காதே. புத்தகத்தில் படித்தது ஒன்றும், நான் எழுதியது ஒன்றுமாக இருந்தால் நான் எழுதியதை எழுது. புத்தகம் எழுதியவன் எந்தக் காலத்தில் எழுதினானோ! நான் திரையைப் பார்த்து எழுதுகிறேன்.

உன் அக்கா,
கனகலட்சுமி


சிறை
24-6-2025

என் அன்பு அக்காவுக்கு,

உன் ஆசியால் நான் நலமாகவும் மிகுந்த சந்தோஷத்திலும் இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

தேர்வு முடிந்தது! கேள்வித்தாளை வாங்கியதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஃபைனலி பதினாறு மதிப்பெண்ணுக்கு வந்திருந்தது. கன்ஸ்ட்ரக்டர் வரிசையும் பதினாறு மதிப்பெண்ணுக்கு. ஸ்ட்ரிங் ஒப்பீடும் வந்திருந்தது. ஃபைனலிக்குப் பழக்கதோஷத்தில் முதலில் புத்தகத்தில் உள்ளபடி அரைப்பக்கம் எழுதிவிட்டேன். பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, புது வெர்ஷனில் ரிட்டர்னுக்குப் பிறகு ஃபைனலி நடக்காது என்று காரணத்தோடு இரண்டு பக்கம் எழுதினேன். திருத்துகிறவரே அசந்துபோவார். எழுபதுக்குக் குறையாது.

தங்கப்பழத்துக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பிப்ரவரியில் வெளியே வந்து வேலையில் சேர்ந்ததும், கடையை நாம் இருவரும் சேர்ந்து பெரிதாக்கலாம். பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். ஜெராக்ஸோடு பிள்ளைகளுக்கு ஜாவா வகுப்பும் எடுக்கலாம். அனுவுக்கு நானே சொல்லித்தருகிறேன். எவ்வளவு நாளைக்குத்தான் நீ ஒருத்தியாகக் கஷ்டப்படுவாய்?

என் பதிவு எண் உன்னிடம் இருக்கிறதே, முடிவு வந்ததும் முதலில் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் செல்லத் தம்பி,
லிங்கேஷ்


சங்கரன்கோவில்
20-8-2025

லிங்கேஷ்,

நாங்கள் சுகம். ஆடித்தபசுக் கூட்டம் ஓய்ந்து ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

முடிவு வந்துவிட்டது. மேம்பட்ட ஜாவா: இருபத்தொன்பது. தேர்ச்சி இல்லை. பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். நான் எழுதினால் இனி நீ நம்பமாட்டாய், அதனால் பிரிண்ட்.

ஃபைனலி எல்லா வெர்ஷனிலும் நடக்கும். உன் நிரலை ஒரே முறைதான் ஓட்டினேன், மூன்று வரியும் வந்தது. அப்பா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடும். ஸ்ட்ரிங்குக்கு ஃபால்ஸ்தான் வரும். உன் புத்தகத்தில் தப்பே இல்லை. நீ அடித்த வரிகளெல்லாம் சரியான வரிகள். அந்த ஒரு அரைப்புள்ளியைத் தவிர, நீ எழுதியதெல்லாம் முதல் தடவையிலேயே சரியாக ஓடியது. உனக்கு நல்ல மூளை, லிங்கேஷ். நான் உனக்கு அனுப்பியது பொய்.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது உன்னை ஏமாற்ற வேண்டும் என்று எனக்கு நினைப்பே இல்லை. அவர் படத்துக்கு மாலை போட்டதை எழுதிவிட்டு, வேறு எழுத வேண்டியது இருந்தாலும் எழுது என்று கேட்டேன். நீ அத்தான் என்று ஒரு சொல் எழுதுவாய் என்று தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்தேன். வந்த கடிதத்தில் கார் இருந்தது. எண்பதுக்கு மேல் வேகம் இருந்தது. விபத்து என்று நீ பெயர் வைத்த ஒரு கிளாஸ் இருந்தது. நல்ல பொருத்தமான உதாரணம், இல்லையா என்று என்னிடமே கேட்டிருந்தாய். அவர் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில், அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை நான் எழுத்து எழுத்தாக டைப் செய்தேன். ஒரு மாதம் ஆயிற்று எனக்கு. ஐந்து கடிதம் எழுதினாய். ஒன்றில்கூட அவர் இல்லை. கடைசியில் அவர் வைத்த போர்டை எடுத்துவிடலாம் என்று எழுதுகிறாய்.

உன்னை மன்னிக்கும்படி ஊரே என்னிடம் சொன்னது. ரத்தபாசம் என்றார்கள். நான் வாயால் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டேன். மனசால் முடியவில்லை. உன் முகத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நீ பட்டம் வாங்கி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. இனி பார்க்க வேண்டியதில்லை.

அவர் வலி தெரியாமல் அந்த நிமிஷமே போய்விட்டார் என்று நீ போலீஸில் சொன்னாய் அல்லவா? அந்த ஒன்றுக்காக மட்டும்தான் சாமிக்கு நன்றி சொல்கிறேன். உனக்கு இல்லை.

கனகலட்சுமி


சிறை
12-9-2025

அக்கா,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

தங்கப்பழம் வேறு ஆளை எடுத்துவிட்டான். அதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், நீ காத்திருப்பாய்.

ஃபைனலி நடக்கவில்லை என்று நீ எழுதியதை நான் எப்படி நம்பினேன் தெரியுமா? நான் முட்டாள், அதனால் நம்பினேன் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. 108 வரி வரவில்லை என்று நீ எழுதியபோது, உனக்கு எல்லாம் தெரிந்துபோய்விட்டது, குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்தேன். யாராவது வந்து சொன்னார்களா என்று அதனால்தான் கேட்டேன். பிறகு வெர்ஷன் மாறியிருக்கிறது என்று எழுதினாய். உனக்குத் தெரியாது என்று புரிந்தது. அந்த நிம்மதியில் நீ என்ன எழுதியிருந்தாலும் நம்பியிருப்பேன். புத்தகம் தப்பாக இருந்தால் நான் தப்பித்தேன் என்று ஆகிவிட்டது. ஆகவே புத்தகம் தப்பு என்று வைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாததை இப்போது எழுதுகிறேன். இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

அத்தான் அந்த நிமிஷமே போகவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது புளியங்குடி ரோட்டை ஒட்டிய எலுமிச்சைத் தோட்டத்துப் பாதையில் கார் கவிழ்ந்தது ஐந்து மணிக்கு. ஐந்தே முக்கால் என்று நான் போலீஸில் சொன்னது பொய். ரோட்டிலிருந்து பார்த்தால் கார் தெரியாது. எனக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும்தான். அத்தான் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தார். ஃபோன் என் கையில் இருந்தது, சிக்னலும் இருந்தது. என் வாயில் பிராந்தி வாடை. தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போய் வாய் கொப்பளித்தேன், முகம் கழுவினேன், ஊதிப் பார்த்தேன், மறுபடி கொப்பளித்தேன். வாடை போகட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். அத்தான் பேசிக்கொண்டேதான் இருந்தார். முதலில் என்னிடம். பிறகு உன்னிடம், நீ அங்கே இருப்பது போல. நான் ஃபோனை எடுத்தபோது பேச்சு நின்றிருந்தது.

அத்தானைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டாய். எழுதத் தொடங்கினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும். உனக்காக மறைத்தேன் என்று சொல்லமாட்டேன், எனக்காகத்தான் மறைத்தேன். ஆனால் வலி தெரியாமல் போனார் என்று நீ நினைத்துக்கொண்டு தூங்கினாய், அது என்னால்தான். இனி நீ தூங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு என்று சொன்னது, அனுவுக்கு என்று சொன்னது, எல்லாம். இன்றைக்கு அதை எழுதப் போவதில்லை.

ஒரு நிரல் இணைத்திருக்கிறேன். த்ரெட் பாடம். திரையில் நிமிடம் 1 என்று எழுதிவிட்டு த்ரெட் ஒரு நிமிஷம் தூங்கும். எழுந்து நிமிடம் 2 என்று எழுதும். இப்படி நாற்பது வரை. டைப் செய்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் வர வர உன் கையால் எழுதி அனுப்பு. ஓட்டாமலும் எழுதி அனுப்பலாம், நான் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னது வேண்டுமென்றால் நீ ஓட்டுவாய். உன் தாள் ஒன்று வந்தால் அவர் சொன்னதில் ஒரு வரி அனுப்புவேன்.

லிங்கேஷ்


சங்கரன்கோவில்
17-9-2025

அன்புள்ள தம்பி லிங்கேஷுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, அவள் சுகமாகவே இருக்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. கடைக் கதவைச் சாத்திவிட்டு நிரலை டைப் செய்தேன். பிழை எதுவும் இல்லை. ஓட்டிவிட்டு நாற்பது நிமிஷமும் நாற்காலியை விட்டு அசையவில்லை. பதினேழாவது நிமிஷத்தில் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். "எக்கா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணே ஒண்ணு, தாலுகா ஆபீஸுக்குப் போணும், கொஞ்சம் தெறங்களேன்" என்று வெகுநேரம் கூப்பிட்டார்கள். திறக்கவில்லை. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இதற்கு முன்னால் தெரியாது. இருபத்தைந்துக்கு மேல் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே எழுதினேன், அதனால் எழுத்து சரியாக இருக்காது. ஆனால் நாற்பது வரியும் இருக்கிறது. தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

நான் உனக்குச் செய்தது பாவம்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவும் வெளியே வந்ததும் என் முகத்துக்கு நேரே திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுது. என்னை கனகு என்றாரா, அனு அம்மா என்றாரா? தண்ணீர் கேட்டாரா? கேட்டபோது கொடுத்தாயா?

நீ எழுதி அனுப்பப்போவது அவர் சொன்னதா, நீயாகக் கட்டியதா என்று சரிபார்க்க என்னிடம் ஒன்றும் கிடையாது. அங்கே இருந்தவன் நீ ஒருவன்தான். நீ எதை அனுப்பினாலும் அதை நான் நம்புவேன்.

முதல் வரியை அனுப்பும்போது அடுத்த நிரலையும் சேர்த்தே அனுப்பிவிடு. அதற்குத் தனியாக ஒரு தபாலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

உன் அக்கா,
கனகலட்சுமி